ரத்தான கைப்பட்டை

ரத்தான பட்டை பதில் சொல்லக்கூடாது. வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒன்று சொன்னது.

வாராவாரம் அவள் பார்க்கிற வேலைதான். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் அவளுடைய மேசை. அந்தப் பக்கம் ஜன்னலே இல்லாத கணினிக் கூடம். பகலும் இரவும் ஒன்றாகிப்போன இருட்டு, வரிசை வரிசையாக இயந்திரங்கள், அவற்றைக் குளிர வைக்கிற விசிறிகளின் ஓயாத இரைச்சல், கதவிடுக்கு வழியாகக் கசிந்து வரும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனை. ஒவ்வொரு இயந்திரத்தின் வயிற்றிலும் ஒரு சிப் உண்டு. "நீ நீதானா?" என்று இவள் கேட்டால், அது தன் இயந்திரத்தை அடிமுதல் நுனிவரை அளந்து, கையொப்பமிட்டு அனுப்பும். அந்தக் கையொப்பத்தின் ரகசியம் செய்தவனுக்கே தெரியாது. சிப்பை உடைத்தாலும் வெளியே வராது. கூடத்துக்குள் போகிற மனிதனுக்கும் இதே சட்டம்தான்: மணிக்கட்டில் சிப் வைத்த பட்டை. உயிருள்ள தோலில் பட்டு, நாடி துடித்தால்தான் அது வாயைத் திறக்கும். வெள்ளிக்கிழமைகளில் ரத்தான பட்டைகளையும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பார்கள், செத்தது செத்துத்தான் கிடக்கிறதா என்று.

பதில் சொன்னது அவள் அண்ணனின் பழைய பட்டை. பதில் வந்த இடம், கூடத்தின் உள்ளே, மேசையிலிருந்து கண்ணுக்கு எட்டாத கடைசி வரிசை.

அண்ணனோ அவளுக்கு மூன்றடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை நடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கூடத்துக்குள் போக அனுமதி உள்ளவன் அவன் ஒருவன்தான். போனான், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினான், இரண்டு கதவுகளுக்கு நடுவே இருக்கிற சின்ன அறையில் நின்றான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பழைய பட்டை உடைஞ்சிருச்சு. உள்ளேயே கழட்டிப் போட்டுட்டேன். இது அலமாரில இருந்த புதுசு" என்று ஒலிபெருக்கியில் சொன்னான்.

பழையதைக் கையில் கொண்டுவராமல் புதியதைப் பதியக்கூடாது என்பது விதி. ஆனால் பசி நேரம். எதிரே நிற்பவன் கூடப்பிறந்தவன். சிப் அனுப்பும் அளவு பதிவோடு ஒத்துப்போகாவிட்டால், இப்போது இருப்பதையே சரியான அளவாக எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பொத்தான் உண்டு. அந்த அலுவலகத்தில் அதை அழுத்தாத கையே கிடையாது. பச்சை எரிந்தால் சரி, சாப்பிடப் போகலாம். அழுத்தினாள். பழைய பட்டையையும் ரத்து செய்தாள்.

அதற்குப் பிறகு அவன் உள்ளே போகவே இல்லை. உள்ளே வேலை ஒன்றுமில்லை என்றான். நேற்று அண்ணி போனில் சிரித்தாள்: "உங்க அண்ணன் திருந்திட்டாரு. மூணு நாளா சாப்பாட்டுல ஒரு குறை சொல்லல. என்ன மருந்து குடுத்தே?" இவளும் சிரித்தாள்.

யாரோ பட்டையைத் திருடிக் கட்டியிருப்பார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பதிலோடு வந்த நாடிக் கோட்டைத் திரையில் திறந்தாள். எட்டுத் துடிப்பு. பிறகு ஒரு இடைவெளி. மறுபடி எட்டு. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அப்படித்தான். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, "உன் இதயமே ஓபி அடிக்குதுடா" என்று அவள் கிண்டலடித்து வந்தாள். அதே இடைவெளி. ஆனால் துடிப்பு மெலிந்திருந்தது. மூன்று நாள் தண்ணீரில்லாத துடிப்பு.

அவள் தலையைத் திருப்பவில்லை. புதிய பட்டையின் கோட்டையும் திறந்தாள். இடைவெளியே இல்லை. சீராக, சற்று வேகமாக ஓடியது. எங்கோ பார்த்த கோடு. தன் பட்டையின் கோட்டை அதன் கீழே வைத்தாள்.

இரண்டும் ஒன்று.

மூச்சைப் பிடித்தாள். அவளுடைய துடிப்பு தளர்ந்தது. மேலே இருந்ததும் தளர்ந்தது.

"என்ன பாக்குற?" என்றான்.

"ஒண்ணுமில்லண்ணா."

"உள்ள யாரோ இருக்காங்க போல."

அங்கே செத்துக்கொண்டிருப்பவன் தன் அண்ணன். பூட்டியது தன் விரல். கதவைத் திறக்க வெளியே இரண்டு பச்சை வேண்டும். ஒன்று அவளுடையது. இன்னொன்று இவனுடையது.

"திறக்கணும்" என்றாள். குரல் கெஞ்சலாக வந்தது.

"திறக்கலாமே" என்று உடனே எழுந்தான். எவ்வளவு நல்ல பிள்ளை. அவளுக்கு முன்னால் நடந்துபோய் மணிக்கட்டை நீட்டினான். பச்சை. அவளும் நீட்டினாள். பச்சை.

உட்கதவு விலகியது. விசிறி இரைச்சல் பெருகியது. சூட்டு வாசனையோடு மூத்திர நெடி. தரையோடு தரையாக ஒரு கை வந்தது. பிறகு தலை. செவ்வாய்க்கிழமைச் சட்டை. தவழ்ந்து நடு அறைக்கு வந்தான். உட்கதவு அவன் பின்னால் மூடிக்கொண்டது. கண்ணாடியில் மணிக்கட்டை ஒற்றினான்.

சிவப்பு.

வெளிக்கதவு அசையவில்லை. திரையில் ஒரு வரி வந்தது: இந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே வெளியே இருக்கிறார்.

அவள் ஓடிவந்து பதிவைத் திருத்தப் பார்த்தாள். வெளியே இருப்பவரை நீக்க, வெளியே இருப்பவரின் ஒப்புதல் வேண்டுமாம். போனை எடுத்தாள். கீழ்த்தளக் காவலர் எடுத்தார்.

"ஓடி வாங்க! கதவ உடைங்க! எங்க அண்ணன் உள்ள மாட்டிக்கிட்டான்!"

"பதறாதீங்கம்மா. எங்க திரையில எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. உங்க அண்ணன் உங்க பக்கத்துலதானே நிக்கிறாரு? கேமராவுல தெரியுதே."

நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். கீறல்கூட விழவில்லை. அடித்தாள். நாற்காலியின் கால் வளைந்தது. "அண்ணா! அண்ணா!" உள்ளே இருந்தவன் அவளைப் பார்த்தான். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி மணிக்கட்டு. சிவப்பு. மறுபடி. சிவப்பு.

உள்ளே இருந்தவனின் கை கண்ணாடியிலிருந்து நழுவியது.

அவளுக்குப் பக்கத்தில் நின்றவன் மெல்ல மண்டியிட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அதே உயரத்தில். முகத்துக்கு முகம். கவனமாகப் பார்த்தான், பாடம் படிப்பவன் போல.

உள்ளே இருந்தவனின் கீழுதடு வறண்டு, நடுவில் பிளந்திருந்தது.

இவன் உதட்டில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அதே இடத்தில். பிறகு அது திறந்தது.