ரோடெல் வளர்ந்த மழைக்காலம்

அன்று காலை ரோடெலின் நெற்றி சமையலறைக் கதவு நிலையில் இடித்தது. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவன் தலை குனியாமலே போய்வந்த கதவு அது. அடுப்பில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்த ஜோவலின் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"குடிச்சிட்டு வந்தியா?"

"காலங்காத்தால யாரு குடிப்பா? வீடுதான் மண்ணுல இறங்குது போல."

நெற்றியைத் தேய்த்தபடி அவன் அந்த மரச்சட்டத்தைப் பார்த்தான். அண்ணாந்து பார்க்கவில்லை. நேராகப் பார்த்தான். ஜோவலினின் சிரிப்பு நின்றது.

அவனுக்கு வயது இருபத்துமூன்று. ஈஸ்டர் முடிந்த கையோடு இருவருக்கும் கல்யாணம் நடந்தது. கப்பல் வேலைக்கான படிப்பை முடித்துவிட்டு மணிலாவிலிருந்து அழைப்பு வருமென்று காத்திருந்தான். கல்யாணப் புதிதில் அவன் அணைத்துக்கொண்டால் அவள் காதில் அவன் இதயம் துடிப்பது கேட்கும். மழை தொடங்கியபோது, அதே அணைப்பில், அவன் வயிறு இரைவது கேட்டது. அவள் அவனுடைய கால்சட்டைகளின் மடிப்பைப் பிரித்துத் தைத்தாள். பிரிக்க மடிப்பு இல்லாமல் போனதும் வேறு துணியை ஒட்டுப் போட்டாள்.

பக்கத்து வீட்டு டோட்டோ முதலில் கேலி செய்தான். "டேய், கூடைப்பந்து விளையாடப் போடா. வளையத்துக்குள்ள பந்த அப்படியே வச்சிட்டு வரலாம்." ரோடெலும் சேர்ந்து சிரித்தான். பிறகு டோட்டோ அவனைக் கண்டால் வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கப்பல் கம்பெனி பக்கத்து நகரத்தில் நடத்திய உடல் பரிசோதனைக்குப் போய்விட்டு ரோடெல் அன்று மாலையே திரும்பினான். "அங்க படுக்கையெல்லாம் சுவத்தோட பதிச்சிருக்கு. உன்னை எப்படிப்பா மடிச்சு வைக்கிறதுன்னு கேட்டாங்க" என்றான். வாங்கி வைத்திருந்த கடலோடிப் பையை அவனே எடுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

இலோயிலோ நகரத்து மருத்துவர் எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வயசுல எலும்போட முனை மூடி வளர்ச்சி நின்னுடும். இவருக்கும் மூடித்தான் இருக்கு. வளர வைக்கிற கட்டியும் தலையில இல்ல."

"அப்ப எப்படி டாக்டர் வளருது?" ஜோவலின் கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த மாதம் வரச் சொன்னார். அடுத்த மாதம் ரோடெலால் ஜீப்புக்குள் உட்கார முடியவில்லை.

மாமியார் பெலிசா மாமரத்தின் அடியில் வாழையிலையில் சோறு வைத்தாள். மரத்தில் புகை பிடித்தபடி உட்கார்ந்திருப்பதாக ஊர் நம்பும் கறுத்த நெடிய பூதத்துக்கு அது. ஒருநாள் கிண்ணம் கழுவிக்கொண்டே, ஜோவலினைப் பார்க்காமல் சொன்னாள்.

"இவன் சின்னப் பிள்ளையில, புத்தாண்டுக்கு வெடி போடறப்ப, குதிடா குதிடா, அப்பத்தான் உயரமா வளருவடான்னு நான்தான் சொல்லுவேன். மத்த பிள்ளைங்க ஓஞ்சிடும். இவன் குதிச்சுக்கிட்டே இருப்பான்."

"எல்லாரும்தான் குதிச்சாங்க நானாய்" என்றாள் ஜோவலின். அவளுக்கு அம்மாவும் நானாய், மாமியாரும் நானாய்.

பெலிசா கழுவிய கிண்ணத்தையே மறுபடி கழுவினாள்.

மழை விட்ட பிற்பகல்களில்தான் அந்தச் சத்தம் கேட்கும். தகரக் கூரையிலிருந்து கடைசிச் சொட்டுகள் விழுந்து ஓய்ந்து, தவளைகள் தொடங்குவதற்கு முன்னாலுள்ள அந்த நேரத்தில், ஈர மண்ணும் மண்ணெண்ணெயும் மணக்கும் அறையில், பச்சை மூங்கிலை யாரோ பொறுமையாக வளைப்பதுபோல எலும்பு நெரியும் ஒலி அவன் உடம்புக்குள்ளிருந்து எழும். இடுப்பில் தொடங்கித் தொடை வழியாகக் கீழே போகும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்திருப்பான்.

"வலிக்குதா பங்கா, என் செல்லம்?"

"வலிக்கல. இழுக்குது."

"யாரு?"

அவன் கண் கலங்கியது. "அதுதான் தெரியல."

கட்டிலை எடுத்தார்கள். பாயில் படுத்தான். பிறகு டோட்டோ வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், படுக்கையறைச் சுவரை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். ரோடெல் முன்னறையில் தலை வைத்து, படுக்கையறை, சமையலறை வழியாக, அன்று நெற்றியை இடித்த அந்தக் கதவைக் கடந்து கிடந்தான். பாதங்கள் கொல்லையில். அவற்றின் மேல் ஜோவலின் தென்னோலைக் கூரை போட்டாள். உடம்பு நீள நீள மெலிந்தது. குரல் சிறுத்துக் குழந்தையுடையது போலானது.

கொல்லையில் அவன் பாதங்களைக் கழுவிவிட்டு, கையைத் துடைத்து, இஞ்சிக் கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கரண்டியை உதட்டருகே கொண்டுபோனபோது கேட்டான்.

"கால்ல தண்ணி ஊத்துறியா?"

கால் கழுவி வெகு நேரமாகியிருந்தது; அந்த ஈரம் இப்போதுதான் அவன் தலைக்கு வந்து சேர்ந்திருந்தது. "ஆமா. ஊத்துறேன்" என்றாள்.

"ஜோவி, நான் எங்க முடியுறேன்னு எனக்கே தெரியலடி."

"இங்கதான் இருக்க. எங்கிட்ட. முடிச்சுட்டுப் பேசு, கஞ்சி ஆறுது."

அவன் புன்னகைத்தான். இன்னொரு வாய் வாங்கினான்.

அடைமழை பிடித்த ஒரு மாலை, வாயில் விட்ட கஞ்சி உதட்டோரமாக வெளியே வழிந்தது. துணியால் துடைத்தாள். மறுபடி ஊட்டினாள். மறுபடி வழிந்தது. கண்கள் கூரையைப் பார்த்தபடி இருந்தன. நெற்றியில் கை வைத்தாள். குளிர்ந்திருந்தது. மூக்கருகே கன்னத்தை வைத்தாள். மழைச் சத்தம் மட்டும்.

பெலிசா மெழுகுவர்த்தி ஏற்றி மகனின் கண்களை மூடினாள். அழுகை கேட்டு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். டோட்டோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றான். யாரோ ஜெபம் சொல்லத் தொடங்கினார்கள்.

ஜோவலின் அவன் மார்பில் கை வைத்தாள். குளிர். கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே நகர்த்தினாள். வயிறு. குளிர். இடுப்பு. படுக்கையறை தாண்டினாள். தொடை. கொஞ்சம் குளிர். சமையலறைக்குள் வந்தாள். முழங்கால்.

முழங்கால் வெதுவெதுப்பாக இருந்தது.

நின்றாள். பின்னால் ஜெபம் ஒலித்தது. வெளியே மழை. மெல்லக் கையை இன்னும் கீழே கொண்டுபோனாள். கணுக்கால். சூடு. ஓலைக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். பாதம். நல்ல சூடு. நாடி துடித்தது.

அவன் இறந்த சேதி இன்னும் இங்கே வந்து சேரவில்லை.

அவள் உட்கார்ந்தாள். சேற்றில். அவன் பெருவிரலைப் பற்றினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கால்விரல்கள் மடங்கின. ஒவ்வொன்றாக. அவள் கையைச் சுற்றி. அணைப்பில் இறுக்குவதுபோல இறுக்கின.

"ஜோவலின், எங்கம்மா போயிட்ட?" உள்ளேயிருந்து பெலிசாவின் குரல்.

அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். அழுதால் பாதத்துக்குத் தெரிந்துவிடும்.

மறு கையை எட்டிய வரை அவன் கெண்டைக்காலுக்கு நீட்டினாள். அது இப்போது குளிர்ந்திருந்தது. குளிர் இறங்கி வந்துகொண்டிருந்தது. மெதுவாக. கெண்டைக்கால் வரை வந்துவிட்டது.

அவள் மடிக்குப் பக்கத்தில், சேற்றுக்குள், குதிகால் அசைந்தது. ஈர மண்ணைத் தள்ளியது. எலும்பு நெரியும் அந்தச் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளியது.

விரல்கள் அவள் கையை விடவில்லை.