மிதக்காத குஞ்சுகள்

குழியில் கொட்டிய மீன்குஞ்சுகளில் ஒன்றுகூடச் செத்து மிதக்கவில்லை.

மலாயாவில் சிம்பாங் ரெங்கம் ஊரை அடுத்த அந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அமலதாஸுக்கு அது அவமரியாதையாகப் பட்டது. ரப்பர் விலை விழுந்த பிறகு வெள்ளைக்காரத் துரைக்கு மீன் வளர்க்கும் ஆசை பிறந்து, சிங்கப்பூரிலிருந்து கெண்டைக் குஞ்சுகள் தகர டின்களில் வந்திறங்கியிருந்தன. அவற்றுக்கு ஓடைநீர் பாயும் குளம், நிழலுக்குக் கீற்று, சலித்த கடலைப் புண்ணாக்கு. அத்தனையையும் தின்றுவிட்டுத் தினமும் செத்தன. நெரிசலில்தான் சாகின்றன என்று கண்டுகொண்ட அமலதாஸ், வளராத சவலைகளை வடிகட்டிப் பழைய களிமண் குழியில் கொட்டச் செய்தான். பிழைக்கத் துப்பில்லாதவற்றிடம் அவனுக்கு இரக்கம் கிடையாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாராவது இருமினாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பவன்.

குழியில் ஓட்டமில்லை. தீனி இல்லை. வெயிலும் எட்டாது. எதைத் தின்று உயிரோடு இருக்கின்றன?

"அதுல எறங்காதீங்கய்யா," என்றாள் கருப்பாயி. குளத்துக்குத் தீனி போடுகிறவள். "போன மழையில பசு ஒண்ணு எறங்குச்சு. எலும்புகூட அகப்படல."

"மாட்டுக்கும் உனக்கும் ஒரே மூளை. போய் வேலையப் பாரு."

மேகம் மூடிய பிற்பகலில், மரங்களின் இருட்டுக்குள், சுருட்டிய கால்சட்டையும் கைவலையுமாக அவன் இறங்கியபோது புளித்த ரப்பர் பாலின் வாடையும் அழுகிய இலைகளின் வாடையும் கலந்து முகத்தில் அடித்தன, சேறு முழங்கால் வரை உறிஞ்சிக்கொண்டது, தண்ணீருக்கடியில் யாரோ பல்லில்லாத வாயால் எதையோ மெல்லுவதுபோல ஒரு சத்தம் விடாமல் கேட்டது.

வலையைத் தூக்கினான்.

விரல் நீளம். சுண்ணாம்பு வெள்ளை. கண் இருக்கவேண்டிய இடத்தைத் தோல் மூடியிருந்தது.

"குருட்டுப் பிண்டங்க," என்று காறித் துப்பினான்.

வலைக்குள் கிடந்தவை எல்லாம் குரல் வந்த பக்கம் திரும்பின. தண்ணீரில் இருந்தவையும்.

கெண்டைக்காலை ஏதோ கவ்வியது. இன்னொன்று. காலை உருவப் பார்த்தான். சேறு விடவில்லை.

"கிராணியய்யா," என்று கரையிலிருந்து கருப்பாயி கூப்பிட்டாள்.

கவ்வல்கள் சட்டென்று நின்றன. வெள்ளைக் கூட்டம் ஒன்று கரையை நோக்கி நகர்ந்தது. அமலதாஸுக்குப் புரிந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டான்.

"காலு மாட்டிக்கிச்சா? இருங்க, கை குடுக்கிறேன். இருட்டுல ஒண்ணும் தெரியல. எங்க நிக்கிறீங்க? பேசுங்கய்யா."

வராதே என்று ஒரு சொல் போதும். அவன் சொல்லவில்லை. வாயை மூடத் தெரியாத ஜென்மம், என்று நினைத்துக்கொண்டான். கத்திக்கொண்டே வரட்டும்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் இறங்கினாள். மூங்கில் கம்பு ஒன்றைக் குத்துமதிப்பாக அவன் பக்கம் நீட்டினாள்.

"இதப் பிடிச்சுக்குங்கய்..."

குரல் அறுந்தது. தண்ணீர் சற்று நேரம் கொதித்தது. அடங்கியது. அவள் தலையில் கட்டியிருந்த துணி மட்டும் மெல்லச் சுழன்றது.

அமலதாஸ் அசையவில்லை. மூச்சை அடக்கினான். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினான். சேற்றின் குளிர் இடுப்புவரை ஏறியது.

பற்கள் தாமாகவே கிடுகிடுத்தன.

வெள்ளைத் தலைகள், ஒவ்வொன்றாக, அவன் பக்கம் திரும்பின.