இரண்டு விரல் பனி

"கையை எடுங்கோ... முதல்லை அந்தக் கையை எடுங்கோ."

குரல் தெருவின் அந்தக் கரையிலிருந்து வந்தது. நிரோஜினி அப்படியே நின்றாள். வலது கையில் கடைக் குப்பை அள்ளி. இடது கையில் ஆவி பறக்கும் கேத்தில். முன்னால், ஒரு சாண் பனியைப் போர்த்திக்கொண்டு கல்யாணக் கார்.

இரவெல்லாம் கொட்டியதில் பாரிஸின் லா சப்பல் தெரு ஊமையாகிக் கிடந்தது. பஸ் இல்லை. மரக்கறிக் கடைக்காரர்கள் வாசலில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளையில் ஒரு நெடிய உருவம் கையை ஆட்டி ஆட்டி, வழுக்கி, விழப் பார்த்து, விழாமல் ஓடி வந்தது.

விசர் பிடித்த ஆளாக இருக்க வேண்டும்.

வந்தவன் அவளைப் பார்க்கவே இல்லை. காரைப் பார்த்தான். பனிமூடிய முன்பக்கத்தில் அவள் அள்ளியெடுத்திருந்த ஒரு முழ இடத்தைக் குனிந்து பார்த்தான். பிறகுதான் நிமிர்ந்தான்... கண்கள் கறுப்பு. இமையில் இரண்டு பனிப் பொட்டு. கோபத்தில் கூட சிரிக்கத் தெரிந்த கண்கள்.

"அள்ளியாலை சுரண்டினா பெயின்ற் போகும். சுடுதண்ணி ஊத்தினா கண்ணாடி வெடிக்கும். ரெண்டையும் ஒண்டாச் செய்யிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

"அண்ணை, உங்கட காரோ?"

"இல்லை."

"அப்ப உங்கட வேலையைப் பாருங்கோ அண்ணை."

சொல்லிவிட்டாளே தவிர, அள்ளியை மறுபடி பனியில் வைக்கவில்லை. கார் அரியரத்தினத்துடையது. பூக்கடையும் அவருடையதுதான். நான்கு வருடமாக அந்தக் கடையில் அவள் மாலை கட்டுகிறாள். இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் 'பெர்மி', கார் ஓட்டும் உரிமம், எடுத்த நாளிலிருந்து, மணப்பெண்ணை ஏற்றும் இந்தக் கரும்பச்சைக் காரை ஓட்டவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நேற்றுத்தான் அவர் மனமிரங்கிக் கார்த் திறப்புக் கொத்தைக் கையில் போட்டார். பத்தரைக்குப் புறநகர் பொண்டியில் பொம்பிளையை ஏற்ற வேண்டும். பன்னிரண்டுக்கு முன் பொபினிக் கல்யாண மண்டபத்தில் இறக்க வேண்டும். திறப்பைப் போடும்போதே ஒரு வார்த்தையும் போட்டார்: காரில் ஒரு கோடு விழுந்தால் திறப்பை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பவும் பூக்கட்ட உட்காரவேண்டும்.

இந்த இலட்சணத்தில் இப்போது மணி எட்டரை.

அவன் போகவில்லை. காதுவரை இழுத்திருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி உதறினான். "இந்தக் காருக்குப் பெயின்ற் அடிச்சது நான்தான்," என்றான், கொஞ்சம் தணிந்த குரலில். "எபினேயிலை என்ர கறாஜ். போன மாசம் மூண்டு கிழமை இதோடைதான் என்ர சீவியம். அதுதான்... சத்தம் போட்டிட்டன். குறை நினையாதேங்கோ."

அவளுக்கு அள்ளியை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

"இப்ப என்ன செய்யிறது அண்ணை?"

"முதல் காரியம், அண்ணையை விடுங்கோ. ரெண்டாவது, கடையிலை பழைய நூல் சேலை ஏதும் இருக்கோ?"

இருந்தது. மாலைகளை ஈரமாகச் சுற்றி வைக்கும் சேலை. அவன் அதைக் கயிறு மாதிரி முறுக்கி, ஒரு முனையை அவளிடம் கொடுத்துவிட்டு, காரின் மறுபக்கம் போய்க் குனிந்தான். கூரையில் குவிந்த பனிக்கு அப்பால் ஆளே தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

பெயின்றைத் தொடவே கூடாதாம். பனிக்குள் பொடிக்கல்லும் மண்ணும் இருக்குமாம். அடியோடு வழித்தால் அதுவே மணல்தாள் மாதிரி உரசுமாம். அதனால் இரண்டு விரல் கனத்துக்குப் பனியை விட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ளதை மட்டும் அறுக்க வேண்டுமாம்.

"அப்ப அந்த ரெண்டு விரல்?"

"எஞ்சின் ஸ்ராட் பண்ணுங்கோ. மிச்சத்தைச் சூடு பாத்துக்கொள்ளும். இப்ப இறுக்கிப் பிடியுங்கோ... மெல்ல... என்னோடை சேந்து நடவுங்கோ."

நடந்தார்கள். அவள் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். நடுவில் விறைத்து நின்ற சேலை, அல்வாத் துண்டை நூலால் அறுப்பதுபோல் பனியை அறுத்துக்கொண்டு போனது. ஓரடி... இரண்டடி... கட்டி கட்டியாக வெள்ளை பின்னால் சரிய, அந்தப் பக்கத்தில் முதலில் ஒரு நெற்றி தெரிந்தது. பிறகு புருவம். பிறகு அந்தக் கண்கள். அவை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் பிடி தளர்ந்தது. சேலை தொய்ந்தது.

"இறுக்கி..." என்றான் அவன். அவன் குரலும் அவ்வளவு இறுக்கமாக இல்லை.

எவ்வளவு காலமாயிற்று, யாரும் கேளாமலே வந்து அவளுக்கு ஒன்று செய்து! அக்காவின் கணவர், அத்தான்தான் அவளைப் பிரான்சுக்கு எடுத்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் சாப்பாட்டு மேசையில் உப்புக் குறைந்தால்கூட, எங்களால்தானே நீ இங்கே நிற்கிறாய் என்ற கதை வந்துவிடும். நன்றி சொல்லிச் சொல்லியே அந்தச் சொல் தொண்டையில் முள்ளாகிவிட்டது அவளுக்கு. இப்போதும் வந்தது... வாயோரம் வந்து, திரும்பிப் போய்விட்டது.

எஞ்சின் சூடேறியது. இரண்டு விரல் பனி முதலில் கண்ணாடிபோல் ஆகி, பிறகு பாளம் பாளமாக வழுக்கி இறங்கியது. ஒன்பதே காலுக்குக் கட்டடங்களின் இடுக்கால் ஒரு துண்டு வெயில் சரிந்து வந்து ஈரக் காரில் விழுந்தது.

அப்போதுதான் கண்டாள். முன்மூடியில், அவள் அள்ளி பட்ட அதே முழ இடத்தில்... மயிரிழை மாதிரி ஒரு கோடு. ஒரு சாண் நீளம்.

ஈரத்தைத் துடைத்தாள்; கோடு போகவில்லை.

அவன் குனிந்தான். கையுறையைக் கழற்றி, விரல் நகத்தால் அந்தக் கோட்டின் குறுக்கே இழுத்துப் பார்த்தான். இன்னொரு தரமும் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கேயோ போயிருந்தது.

"காருக்குக் கட்டுற மாலையை இந்த இடத்திலை போடுங்கோ," என்றான் நிலத்தைப் பார்த்தபடி. "ஆருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை நான் கறாஜிலை வைச்சு சரியாக்கிறன்."

மறைக்கவா? அவளுக்குச் சுருக்கென்றது. இரக்கப்படுகிறான். இவனும் தூக்கிவிட்டுக் கணக்கு வைக்கிற ஆள்தான்.

"நான் செய்ததை நான் சொல்லுவன் அண்ணை. பூவுக்குக் கீழை ஒளிச்சு வைச்சு ஓட்ட எனக்கு இந்தக் கார் வேண்டாம்."

அந்த 'அண்ணை'யில் வேண்டுமென்றே ஒரு அழுத்தம். திறப்பைக் கழற்றிக்கொண்டு கடைக்குள் போனாள்.

அரியரத்தினம் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுச் சாமந்திப்பூ எண்ணிக்கொண்டிருந்தார். அவள் திறப்பை மேசையில் வைத்தாள். அள்ளியால் சுரண்டியதையும், கோடு விழுந்ததையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் எழுந்து வெளியே வந்து காரைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

"பிள்ளை, நேற்றுச் சொன்னனான் எல்லோ."

"ஓம் அங்கிள்."

"அவ கீறேல்லை."

பின்னால் நின்ற அவன்தான். அவன் பெயரை அரியரத்தினம் சொல்லித்தான் அவளுக்குத் தெரியவந்தது. "கரிகாலன், நீ எப்ப வந்தனி? ஒன்பது மணிக்கெல்லோ வரச்சொன்னனான், என்ர மற்ற ரெண்டு காருக்கும் பெயின்ற் அடிக்கிறதைப் பற்றிக் கதைக்க."

அவன் முகம் வெளிறியிருந்தது. அவர் கையைப் பிடித்து, விரல் நகத்தைக் கோட்டின் குறுக்கே இழுக்க வைத்தான்.

"தடக்குதோ?"

"இல்லை. வழுக்குது."

"அள்ளி கீறினதெண்டா நகம் தடக்கும். இது வெர்ணிக்கு, அந்த மினுங்கல் மேற்பூச்சுக்குக் கீழை இருக்கு. அதை அடிக்க முந்தி நான் மணல்தாள் போட்டுத் தேய்க்கேக்கை விழுந்த கோடு. கறாஜ் வெளிச்சத்திலை என்ர கண்ணுக்குத் தப்பிப்போச்சு." ஒரு கணம் நிறுத்தினான். "இப்ப தொட்ட உடனை எனக்குத் தெரிஞ்சது. மாலையாலை மறையுங்கோ எண்டு சொன்னனான். என்னை மறைக்கத்தான் சொன்னனான், அவவை இல்லை. மற்ற ரெண்டு காரும் கைவிட்டுப் போயிடுமெண்டு பயந்திட்டன்."

மேலே மெட்ரோ ஒன்று தடதடத்துப் போனது.

அரியரத்தினம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திறப்பை எடுத்து நிரோஜினியின் கையில் வைத்தார். "பொம்பிளை பாத்துக்கொண்டிருக்கப் போகுது. போ." கரிகாலன் பக்கம் திரும்பினார். "முதல் இதை ஒழுங்காச் செய்து காட்டு தம்பி. மற்றதைப் பிறகு பாப்பம்." உள்ளே போய்விட்டார்.

அவள் மாலையைக் கட்டினாள். நடுவில்தான் கட்டினாள். கோடு மறையாமல் அப்படியே கிடந்தது. அவன் கண்ணாடித் துடைப்பானில் ஒட்டியிருந்த பனியை விரல்நுனியால் எடுத்துக்கொண்டு நின்றான். தோளில் ஈரச் சேலை.

அவன் வாய் திறந்திருக்காவிட்டால் ஒருவருக்கும் தெரிந்திராதே... மற்ற இரண்டு கார் வேலையும் அவன் கைக்கு வந்திருக்கும். அவளும் ஆயுள் முழுக்கத் தன் பிழை என்றே நம்பியிருப்பாள்.

ஏறி அமர்ந்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"ஏன் சொன்னியள்?"

"நீங்கள் ஒளிக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டுப் போனீங்கள். அதுக்குப் பிறகு எனக்கு நிண்ட இடத்திலை நிக்க ஏலாமப் போச்சு." அவன் கண்கள் நிமிர்ந்தன. "உண்மையிலை நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லோணும்."

நன்றி. அந்தச் சொல்லை யாரோ அவளுக்குத் திருப்பித் தருவது இதுதான் முதல் தரம். தொண்டை முள் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நன்றி," என்றாள். "மெய்யாத்தான்... நன்றி." பிறகு ஸ்ரியறிங்கைப் பார்த்துக்கொண்டே, "பின்னேரம் ஆறு மணிக்குக் கல்யாணம் முடிஞ்சிடும். காரை எபினேக்குக் கொண்டு வரட்டோ?"

"இண்டைக்கு ஞாயிறு. கறாஜ் பூட்டு."

"தெரியும்."

அவன் விளங்காமல் பார்த்தான். அவளுக்குக் காது சுட்டது.

"அப்ப... கார் இல்லாமல் வரட்டோ?"

அவன் தோளிலிருந்த சேலை வழுக்கிப் பனியில் விழுந்தது. எடுக்கவில்லை. கதவில் கையூன்றிக் குனிந்தான்.

"சேலைக்கு அங்காலை உங்கட முகம் தெரிஞ்ச நேரத்திலையிருந்து, அதைத்தான் எப்பிடிக் கேக்கிறதெண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிறன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஒரு மணித்தியாலப் பழக்கத்திலை இதைச் சொல்லக்கூடாது. ரெண்டு விரல் விட்டுத்தான் நிக்கோணும். தெரியும்... ஆனா சொல்லிப்போட்டன்."

நிரோஜினி கியரைப் போட்டாள். சிரிப்பு கண்ணில் முந்திக்கொண்டது.

"அந்த ரெண்டு விரல் கிடக்கட்டும் கரிகாலன்," என்றாள். "மிச்சத்தைச் சூடு பாத்துக்கொள்ளும்."

கார் பனியை நசுக்கிக்கொண்டு பொண்டிப் பக்கம் திரும்பியது.