இடது கை பதிந்த மண் ஓடு

“நாளைக்கு மத்தியானம் அணையைத் தெறக்கப் போறாங்க. இப்பப் போயி எவன் காட்டுக்குள்ள தோணி வுடுவான்?”

படகுத்துறையில் மூன்றாவது ஆளும் இப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்தான். பவுனு கரையிலேயே நின்றாள். அவள் கணவன் கோதண்டம் காணாமல் போய் இன்றோடு மூன்று நாள்.

வாத்து மேய்ப்பதுதான் அவர்கள் பிழைப்பு. அறுவடை முடிந்த வயல்களில் வாத்துகளை மேயவிட்டபடி ஊர் ஊராகப் போவார்கள். செவ்வாய்க்கிழமை விடியலில் ஆற்றங்கரை உடைந்தது. பாய்ந்து வந்த வெள்ளம் பட்டியில் இருந்த நானூறு வாத்துகளையும் அலையாத்திக் காட்டுக்குள் அடித்துக்கொண்டு போனது. “புடிச்சிட்டு வந்துடுறேன்!” என்று கத்திக்கொண்டே நீரில் குதித்த கோதண்டம் திரும்பவே இல்லை.

“நான் வரேன், தங்கச்சி.”

பவுனு திரும்பிப் பார்த்தாள். ஈரச் சேலையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் காத்தாயி. அந்தக் காட்டு ஓடைகளில் கழுத்தளவு நீரில் அமர்ந்து, கூடைக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவள்.

“எந்த ஓடை எங்க திரும்பும்னு என் காலுக்குத் தெரியும். ஆனா நாளைக்கு உச்சிக்குள்ள வெளிய வந்துடணும். தண்ணி தெறந்துட்டா ஒரு திட்டுகூட மிஞ்சாது!”

பவுனு, காத்தாயி, கோதண்டத்தின் தம்பி சுப்புராயன். மூவரும் ஒரு சின்னத் தோணியில் கிளம்பினார்கள். வாயகன்ற மண்பானையில் நல்ல தண்ணீர், ஒரு மூட்டை அவல், ஒரு கத்தி, தகர டப்பாவில் ஒரு தீப்பெட்டி. அவ்வளவுதான்.

காட்டுக்குள் நுழைந்த சிறிது நேரத்திலேயே வெளிச்சம் மங்கியது. இருபுறமும் வேர்கள் நண்டுக்கால்களைப் போல நீருக்குள் இறங்கியிருந்தன. “அண்ணே! அண்ணே!” என்று சுப்புராயன் கூவினான். பதில் இல்லை. திடீரென்று தோணி ஒரு மூழ்கிய கட்டையில் மோதிச் சாய்ந்தது!

“பானையைப் புடி!” என்று அலறினாள் காத்தாயி.

பவுனு பானையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவல் மூட்டை சுழலில் ஒரு சுற்றுச் சுற்றி மறைந்தது.

“சோறு போச்சு. உசுரு இருக்கு, தள்ளுங்க,” என்றாள் காத்தாயி.

முதல் திட்டில் இறங்கியதும் சுப்புராயன் ஓடிவந்தான். அவன் கையில் சுட்ட களிமண் ஓடு ஒன்று இருந்தது. அதன் உட்புறத்தில் மீன் செதில்கள் வரிவரியாக ஒட்டியிருந்தன.

“அண்ணி, பாருங்க! அண்ணன் சமையல்!”

பவுனுக்கு மூச்சு வந்தது. மேய்ச்சலில் சட்டி இல்லாத நாட்களில் கோதண்டம் மீனைச் செதில்கூடச் சுரண்டாமல் முழுசாகக் களிமண்ணில் பொதிந்து தணலில் புதைப்பான். மண் வெந்து இறுகியதும் தட்டி உடைத்தால் செதிலும் தோலும் மண்ணோடு வந்துவிடும். வெள்ளை வெளேரென்று மீன் மட்டும் ஆவி பறக்கும். பீடிக்காக அவன் தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று.

“உசுரோட இருக்காரு!” என்று அவள் கத்தினாள்.

ஆனால் சாம்பல் நனைந்து குளிர்ந்திருந்தது. இரண்டு நாள் பழசு.

அடுத்த ஓடு கிடைத்தபோது சூரியன் சாய்ந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பவுனு, கொண்டுவந்திருந்த முதல் ஓட்டை எடுத்து அருகில் வைத்தாள். முதல் ஓட்டில் இரண்டு கைகளின் விரல்தடங்களும் இருந்தன. இதில் ஒரு கையின் தடங்கள்தான். தன் இடது கையை அந்தத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது. வலது கையை வைத்தாள். பொருந்தவில்லை.

“ஒத்தக் கையால பொதிஞ்சிருக்காரு. இடது கை மட்டும்.” அவள் ஓட்டைச் சுப்புராயனிடம் நீட்டினாள். “சோத்துக் கைக்கு என்னமோ ஆயிடுச்சு!”

மூன்றாவது ஓடு பத்தடி தள்ளியே கிடந்தது. அதில் செதில் இல்லை, பழுப்பு இறகுகள் புதைந்திருந்தன. சுப்புராயன் தலையைக் குனிந்துகொண்டான்.

“பட்டி வாத்தைக் கறிக்குக் கேட்டாகூட சண்டைக்குப் போவாரு,” என்றாள் பவுனு. “அவரே அறுத்திருக்காருன்னா... மீன் புடிக்கக்கூட முடியல.”

இருட்டும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும் என்றாள் காத்தாயி. வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை.

“தம்பி, உன் வேட்டியைக் குடு!”

சுப்புராயன் திகைத்தான். பிறகு வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு அரைக்கால் சட்டையோடு நின்றான். காத்தாயி அந்த வெள்ளை வேட்டியைத் தோணியின் ஒரு பக்கம் நீரைத் தொடும்படி தொங்கவிட்டாள். கரையோரமாகத் தோணியை மெல்லச் செலுத்தி, துடுப்பால் தண்ணீரை ஓங்கி அடித்தாள். நீருக்குள் வெள்ளையாக எதுவோ அசைவதைக் கண்ட மடவை மீன்கள் மிரண்டு எகிறின! ஒன்று சுப்புராயனின் முதுகில் அறைந்தது. இரண்டு தோணிக்குள் விழுந்து துள்ளின.

“வலை எதுக்கு? பயம் வந்தா மடவை தானா எகிறும்,” என்று சிரித்தாள் காத்தாயி.

மீனை அவர்களும் களிமண்ணில் பொதிந்தே சுட்டார்கள். பவுனு ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

“சாப்புடு. நாளைக்கு அவரைத் தூக்கறதுக்குத் தெம்பு வேணாமா?” என்று அதட்டினாள் காத்தாயி. பவுனு அழுதுகொண்டே தின்றாள்.

விடிந்ததும் வாத்துச் சத்தம்! ஒரு அகன்ற ஓடையில் இருபது வாத்துகள் மிதந்தன. “பா... பா... பா...” என்று பவுனு அழைத்தாள். பாதி தூரம் வந்தவை தோணியைக் கண்டு கலைந்து ஓடின. இரவுகளில் நரிகள் துரத்தியிருக்க வேண்டும்.

“அண்ணி! அந்தக் கழுத்து வெளுத்த பெட்டை! காலைப் பாருங்க!”

அது இறகைக் கோத நீரிலிருந்து எழும்பியபோது, காலில் சிவப்புத் துணி தெரிந்தது. கோதண்டத்தின் துண்டில் கிழித்தது.

“ஏதோ சொல்லி அனுப்பியிருக்காரு! அதைப் புடிக்கணும்!”

எப்படிப் பிடிப்பது? கிட்டே போனால் ஓடுகிறது. சூரியனோ ஏறிக்கொண்டிருந்தது. காத்தாயி பானையைப் பார்த்தாள்.

“இதுதான் வழி. ஆனா குடிக்கத் தண்ணி இருக்காது.”

பவுனு யோசிக்கவே இல்லை. மூவரும் வயிறு முட்டக் குடித்தார்கள். மிச்சத்தைக் காத்தாயி கொட்டினாள். முதலில் வெறும் பானையை ஓடையில் கவிழ்த்து மிதக்கவிட்டாள். வாத்துகள் விலகின, பார்த்தன, பின் அதைச் சட்டை செய்யாமல் மேய்ந்தன.

“இப்ப இது உன் தலை,” என்று பானையை எடுத்துவந்து, கத்தி முனையால் கண்ணுக்கு நேராக இரண்டு துளைகள் போட்டு, பவுனிடம் நீட்டினாள். “கழுத்து வரைக்கும் தண்ணிக்குள்ள இரு. பானை ஆடக் கூடாது. கிட்டப் போனதும் கீழேருந்து காலைப் புடி!”

பவுனு பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நீரில் இறங்கினாள். உள்ளே அவள் மூச்சே அவள் காதில் இரைந்தது. துளைகள் வழியாகப் பழுப்பு நீர், பிறகு இறகுகள். ஒரு அடி. இன்னொரு அடி. சேற்றில் ஏதோ அவள் காலைச் சுற்றி வழுக்கிப் போனது. பாம்பா? அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பானை ஆடவில்லை.

கழுத்து வெளுத்த பெட்டை கையெட்டும் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது. நீருக்கடியில் கையை மெல்ல நீட்டி... லபக்கென்று காலைப் பிடித்தாள்! வாத்து படபடவென்று சிறகடித்து அலறியது. பானை கழன்று நீரில் மூழ்கியது.

“கெடைச்சிடுச்சு!”

பல்லால் இறுக்கிய முடிச்சுக்குள், சுவரிலிருந்து பெயர்த்த சின்னக் காரைத்துண்டு ஒன்று இருந்தது. காத்தாயி அதை நகத்தால் சுரண்டினாள். “கிளிஞ்சல் சுண்ணாம்பு. இந்தக் காட்டுல செங்கல் கட்டடம் ஒண்ணே ஒண்ணுதான். வெள்ளைக்காரன் காலத்துல உப்பு மூட்டை அடுக்குன கிட்டங்கி! தள்ளு, தம்பி!”

அவர்கள் துடுப்பு முறிந்துவிடும்போல் வலித்தார்கள். பாதி வழியில் காத்தாயி நீரைத் தொட்டுப் பார்த்து முகம் மாறினாள். ஓடை எதிர்த்திசையில் இழுத்தது.

“முன்னாடியே தெறந்துட்டாங்க!”

திட்டுகள் ஒவ்வொன்றாக மூழ்கின. கூரை இல்லாத கிட்டங்கியின் சுவர்கள் மட்டும் நீருக்கு மேல் தெரிந்தன. அந்தச் சுவர்மேல் ஒரு மனிதன் கால்களை மடித்துக் கிடந்தான். அவனைச் சுற்றிலும் சுவர் நெடுக வாத்துகள், நூறு இருக்கும்.

“கோதண்டம்!” வாழ்நாளில் முதல்முறையாகப் பவுனு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவன் தலையைத் தூக்கினான். வலது கை முழங்கைக்குக் கீழே வீங்கிக் கறுத்திருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. மூவரும் சேர்ந்து அவனைத் தோணிக்குள் இறக்கினார்கள். தோணி விளிம்பு வரை அமிழ்ந்தது.

“வாத்துங்க...” என்று முனகினான் கோதண்டம்.

“ஒண்ணைக்கூட ஏத்த முடியாது!” என்றாள் காத்தாயி. “ஏத்துனா எல்லாரும் முழுகுவோம்!”

“வுட்டுட்டுப் போவ மாட்டேன், பவுனு.”

“நீங்க இல்லாம நானூறு வாத்து இருந்து நான் என்னய்யா பண்றது?” என்று அவள் வெடித்தாள். “துடுப்பைப் போடு, தம்பி!”

தோணி சுவரை விட்டு விலகியது. கோதண்டம் கண்களை மூடிக்கொண்டான். பிறகு உலர்ந்த தொண்டையைச் செருமி, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, “பா... பா... பா...” என்றான்.

பொத்தென்று ஒரு வாத்து நீரில் குதித்தது. அடுத்து இன்னொன்று. பிறகு சுவரே சரிவதுபோல மொத்தக் கூட்டமும் இறங்கியது! தோணிக்குப் பின்னால் நீளமாக வரிசை கட்டி நீந்தி வந்தது.

உச்சிவெயில் சாயும் நேரத்தில் படகுத்துறையில் கூட்டம் திரண்டிருந்தது. தோணி விட மறுத்த மூவரும் இடுப்பளவு நீரில் இறங்கி வந்து கோதண்டத்தைக் கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வண்டி தயாராக இருந்தது.

பவுனு காத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ கூட வரலைன்னா...”

“நான் வழிதானே காட்டுனேன்? மண்ணுல அவரு கையைப் படிச்சது நீ,” என்றாள் காத்தாயி. “நெருங்குனவங்களுக்குத்தான் அது தெரியும். போ, வண்டி கெளம்புது.”

வண்டி நகர்ந்தது. கரையேறிய வாத்துகளைச் சுப்புராயன் எண்ண ஆரம்பித்து, இருபதுக்கு மேல் எண்ண முடியாமல், அவற்றின் நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.