திசை எழுதாத தாள்கள்

"தெரியாததைத் தெரியாதுன்னு எழுதினா சம்பளம் தருவாங்களாம்மா?" என்று ஒருமுறை அவளுடைய ஏழு வயது மகள் கேட்டாள். தருவார்கள் என்றுதான் அவள் மகளிடம் சொல்லிவைத்தாள். பதினோரு வருடமாக மழைக்காட்டில் பறவைகளைக் கணக்கெடுக்கிறாள். விடியற்காலையில் ஓரிடத்தில் அசையாமல் பத்து நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் தாளில் குறிக்க வேண்டும். பிடிபடாத குரலுக்கு 'தெரியாதது' என்று எழுதுவாள். இப்போது, பொய்த்தாள் எழுதினாள் என்று வேலையிலிருந்து துரத்தப்பட்டு, துப்பறிபவரின் வாசலில் நின்றாள்.

"உள்ளே வா, தங்கச்சி" என்று இடப்பக்கமிருந்து கூப்பிட்டார், அவளை அழைத்துவந்த ஜீப் டிரைவர். அவள் வலப்பக்கம் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், கடைசியில்தான் அவரைக் கண்டுபிடித்தாள். துப்பறிபவர் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"இவ பொய் எழுதியிருந்தா நான் மீசையை எடுத்துடறேன் ஐயா! எல்லாம் அந்தப் பேராசிரியரோட மாப்பிள்ளை வேலை. முழியைப் பாத்தாலே தெரியும்."

"மீசையைப் பத்திரமா வச்சுக்கோங்க. முழியை வச்சு யாரையும் பிடிக்க முடியாது. தாளைப் பார்ப்போம்."

கணக்கெடுப்பு அலுவலகத்தில் பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் அவருடைய மாப்பிள்ளை. மாமனார் தயவில் வேலை, மாமனார் தயவில் பூட்ஸ். அந்த பூட்ஸில் ஒரு சேற்றுப் பொட்டு கிடையாது. வழக்கமாகப் புல்வெளியில் எண்ணுகிறவர். இந்தப் பருவத்தில்தான் மழைக்காட்டில் பாதி இவருக்கு, பாதி அவளுக்கு.

"பத்தாவது படிச்சவளைக் காட்டுக்குள்ள விட்டது என் தப்பு" என்றார் பேராசிரியர். "இதுக்குத் துப்பறிய ஆள் வேறயா?"

கையால் எழுதிய தாள்களை மாப்பிள்ளைதான் வாங்கித் தட்டச்சுக்குக் கொடுப்பார். அடித்து முடிந்ததும் எரித்துவிடுவார்கள். அதனால் கையெழுத்தை ஒப்பிட வழியில்லை. மேஜையில் தட்டச்சு செய்த இரண்டு கட்டுகள் மட்டும் இருந்தன: ஒன்று அவள் பெயரில், மற்றது மாப்பிள்ளை பெயரில். துப்பறிபவர் இரண்டையும் நிதானமாகப் படித்தார்; அலமாரியிலிருந்த மாப்பிள்ளையின் பழைய புல்வெளித் தாள்களையும் புரட்டினார்.

"இவங்க பேர்ல இருக்கிற கட்டு பொய்தான் சார்."

டிரைவரின் கை தன்னையறியாமல் மீசைக்குப் போயிற்று.

"அறுபது மீட்டர்ல பார்த்தது, எண்பது மீட்டர்ல பார்த்ததுன்னு இருக்கு. மழைக்காட்டுல இருபது மீட்டருக்கு அந்தப் பக்கம் இலையைத் தவிர என்ன தெரியும்? அங்கே காதாலதான் எண்ணணும். எண்பது மீட்டர் புல்வெளியில தெரியும். இதை எழுதினவருக்குப் புல்வெளியைத் தவிர வேற எதுவும் தெரியாது. இவங்களோ புல்வெளியில எண்ணினதே இல்லை."

மாப்பிள்ளை சிரித்தார். "என் கட்டுலயும் குறை இருக்கா?"

"அது அசல். முக்கால்வாசி காதால கேட்டது. முப்பத்தோரு இடத்துல 'தெரியாதது'. ஆனா, குரல் வந்த திசைக்கான கட்டம் எல்லாத் தாள்லயும் காலி. ஏன்?"

"மறந்துட்டேன்."

"நூத்தி இருபது தாள்லயுமா? புல்வெளித் தாள்ல ஒருதடவைகூட மறக்கலையே நீங்க."

அத்தோடு துப்பறிபவர் நிறுத்திக்கொண்டார். வாசலில் பார்த்ததிலிருந்தே காரணம் அவருக்குத் தெரியும். ஆனால் அது இன்னொருவருடைய ரகசியம்.

அவள் தரையைப் பார்த்தாள். சொன்னால் இந்த வேலை இனி கிடைக்காமலே போகலாம். சொல்லாவிட்டால் பொய்க்காரி என்ற பெயர் நிலைத்துவிடும். மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

"என் இடது காது கேக்காதுங்க. சின்ன வயசுல காய்ச்சல்ல போயிடுச்சு. ஒத்தைக் காதுல குரல் கேக்கும், என்ன பறவைன்னும் புரியும். எந்தப் பக்கம்னு மட்டும் தெரியாது. தெரியாததை எப்படி எழுதறது? அதான் காலியா விட்டேன். அது என் தாளுங்க."

"செவிட்டுப் பொம்பளையை வச்சா இத்தனை வருஷம் எண்ணினோம்!" என்றார் பேராசிரியர்.

"அந்த ஒத்தைக் காதுல அறுபத்துநாலு வகை கேட்டிருக்காங்க சார். உங்க மாப்பிள்ளைக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கு. காட்டுக்குள்ளதான் போகலை."

மாப்பிள்ளையின் முகம் தொங்கியது. "இல்ல மாமா... அட்டை கடிச்சா எனக்கு உடம்புக்கு ஒத்துக்கறதில்ல..."

"வாயை மூடு."

"வகைகளை எண்ணத் திசை வேணுமா சார்?" என்று கேட்டார் துப்பறிபவர்.

"வேண்டியதில்லை." பேராசிரியர் அசல் கட்டின் மேல் இருந்த பெயரை அடித்து அவள் பெயரை எழுதினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு வேலைக்கு வா." மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த நாக்குக்கு இல்லை.

திரும்பும் வழியில் நல்ல மழை. ஜீப்பின் கித்தான் கூரை கிழிந்து ஒழுகியது. டிரைவர் அவளை நனையாத பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு, முதுகெல்லாம் நனைய, வழிநெடுகப் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினார்.

மறுநாள், காட்டுக்குப் போகும் முன் அவள் ஜீப் கொட்டகைக்குப் போனாள். யாரும் வந்திருக்கவில்லை. பறவை வலை தைக்கும் ஊசியையும் நைலான் நூலையும் எடுத்து, முழ நீளக் கிழிசலை இரட்டைத் தையலாகத் தைத்தாள். கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கொட்டகைக் கதவை இருந்தபடியே சாத்திவிட்டு நடந்தாள்.