டக் பிரித்த பாவாடை

பாவாடையில் விலைச்சீட்டு குத்தியது குத்தியபடி இருந்தது; ஆனால் ஓரத்தில் மடித்துத் தைத்த மூன்று டக்குகளில் ஒன்று பிரிந்திருந்தது.

அம்சவல்லி பரண்மேல் மண்டியிட்டு, செல்போன் விளக்கைத் தகரப்பெட்டியின் மூடியில் சாய்த்து வைத்து, துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தாள். வாலாஜாபாத் சந்தையில் ஜவுளி மூட்டை விரித்தவரின் மகள் அவள். இன்று ஒரகடத்தில் கம்பெனி ஆட்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறாள். மனிதர்களைப் பார்த்து ஏமாந்திருக்கிறாள். துணியைப் பார்த்து ஏமாந்ததே இல்லை. இந்தப் பாவாடை தை மாதம் கடையிலிருந்து நேராகப் பெட்டிக்குள் போனது. விரலுக்குத் தெரிந்ததோ வேறு: முப்பது துவைப்பாவது தாண்டியிருக்கும். நாடாவில் வியர்வைக் கறை. பின்பக்கம், மண்ணில் உட்கார்ந்து எழுந்த தேய்மானம்.

வளரும் பெண்ணுக்குத்தான் டக் வைப்பார்கள். அவள் உயர உயர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். பெட்டிக்காரி வளரப்போகிறவள் இல்லை. அப்பாவின் தங்கை, ஒன்பது வயதில் ஏரியில் மூழ்கிப் போனவள். முப்பத்தெட்டு வயது அம்சவல்லிக்கு ஒன்பது வயதில் ஓர் அத்தை. கல்யாணம் காணாமலே செத்ததால் வீட்டுக்குக் கன்னி தெய்வம். வருஷம் தவறாமல் அவளுக்குப் புதுப் பாவாடை வைக்க வேண்டும். வீட்டில் ஒன்பது வயதுப் பெண் இருந்தால், பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அவளுக்குக் கட்டிவிட வேண்டும். அதுதான் வழக்கம்.

"இன்னாக்கா பண்ணிகினு கீற? பெட்டிய அப்படியே வுட்டுட்டு எறங்கு." ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே தம்பி சுபாஷ்.

"நாளைக்கு எட்டுப் பொண்ணுங்க வாடகைக்கு வருதுங்க. ஷிஃப்டு முடிச்சி வந்து படுக்கிறவளுங்க தலைக்கு மேல அத்தையையும் சேத்து வாடகைக்கு வுடப்போறியா?"

"ஒம் பொண்ணு கவிக்கும் ஒம்பது ஆச்சு, ஒரே ஒரு தபா கட்டி வுட்டுட்டா அது பாட்டுக்குக் கெடக்கும். எனக்கு ரெண்டும் பசங்க. நம்ம வூட்டுல பொண்ணுன்னு அது ஒண்ணுதான் கீது. நீ கட்டல? நல்லாத்தானே கீற?"

"ஏணிய ஆட்டாத. ஒழுங்காப் புடி."

நல்லாத்தான் இருக்கிறாள். ஒரு வருஷத்தைத் தவிர.

ஒன்பது வயதில் இதே பரணில்தான் இதே பெட்டியைக் கண்டுபிடித்தாள். தீபாவளிச் சரக்கில் நல்லதை அப்பா மேலே ஒளித்து வைப்பார் என்று திருட்டுத்தனமாக ஏறியவள். பாச்சை உருண்டை நெடிக்கு அடியில், மூன்று நாள் தண்ணீரில் ஊறிய துணியின் மக்கல் வாசம் அடித்தது. ஒரு சிலேட்டு, பல்லிடுக்கில் முடி சுற்றிய சீப்பு, ஒற்றைக் கொலுசு, பாசி வளையல், அடுக்கடுக்காகப் பாவாடைகள். எல்லாப் பாவாடையிலும் மூன்று டக்குகளும் இறுக்கமாக இருந்தன. வளையல் அவள் கைக்கென்றே வார்த்ததுபோல ஏறியது. கொலுசை மாட்டிக்கொண்டு இறங்கியவளை அம்மா பார்த்துவிட்டாள். தொட்டவளே கட்டட்டும் என்றார்கள். இடுப்பில் நாடா விழுந்தது. முடிச்சு இறுகியது.

அவ்வளவுதான். அதற்கடுத்த நினைவு, பத்து வயது ஆனபின், வல்லக்கோட்டை கோயில் வாசலில் ஐஸ் உருகிக் கையில் வழிந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த வருஷத்துப் பள்ளிக்கூடப் போட்டோவில் அவள் இருக்கிறாள். பென்சில் இடது கையில் இருக்கிறது. அம்சவல்லி வலக்கைக்காரி.

அதற்குப் பிறகு வைத்த ஒவ்வொரு புதுப் பாவாடையிலும், அடுத்த தை மாதம் பெட்டியைத் திறந்தால், ஒரு டக் பிரிந்திருந்தது. எலி என்றாள் அம்மா. எலி கடிக்கும்; தையல் பிரிக்குமா? அப்பா ஒருமுறை அத்தனையையும் கழனியில் போட்டுக் கொளுத்திவிட்டு வந்தார். மறுநாள் காலை பெட்டிக்குள் பாவாடைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஈரமாக.

அம்சவல்லி விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். இரண்டாவது டக். பாதி பிரிந்து நின்றிருந்தது. தொங்கிய நூலின் நுனி, ஊசியில் கோக்க எச்சில் தொட்டு முறுக்கியதுபோல, நனைந்து கூராக இருந்தது.

அத்தை அவளிடமிருந்து எடுத்து வளர்ந்த ஒரு வருஷத்துக்கு ஒரு டக். இரண்டாவதில் பாதிதான். மீதி வளர இன்னோர் ஆள் வேண்டும்.

வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று போனது. வீடே அதிர்ந்து, ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. லாரி போய்விட்டது. அதிர்வு போகவில்லை. முதுகுக்குப் பின்னால், பரண் பலகையில், மெத்து மெத்தென்று. செருப்பில்லாத கால். கையிலிருந்த பாவாடை நழுவியது. நழுவவில்லை; யாரோ இழுத்தார்கள். பரணின் விளிம்பை நோக்கி.

விளிம்புக்கு நேர் கீழே கவிப்பிரியா நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, அது எனக்கா? என் அளவுதான்." மகள் கையை நீட்டினாள். இடது கையை.

எப்படி இறங்கினாள் என்று அம்சவல்லிக்கே தெரியாது. பாவாடை அவள் அக்குளில் இருந்தது. முழங்கை சிராய்த்து எரிந்தது.

"சுபாஷு, புள்ளையத் தூக்கு. வாசலுக்குப் போ. நான் கதவத் தொறக்காம உள்ள வராத."

"கட்டாம வுட்டா குடும்பத்துக்கு ஆவாதுக்கா..."

"வூட்டுப் பொண்ணு கட்டணும், அவ்ளோதானே? நான் இன்னா எதிர் வூட்டுப் பொண்ணா? போடா."

தாழ்ப்பாள் போட்டாள். மாலை நான்கு மணி வெயில் ஜன்னல் கம்பிகளோடு நின்றுவிட்டது, உள்ளே வரவில்லை. சுடிதாருக்கு மேலேயே பாவாடையைத் தலைவழியாக விட்டாள். நாடாதானே, எந்த இடுப்புக்கும் வரும். ஓரம் முழங்காலில் நின்றது. முடிச்சு போட்டாள். அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று.

"இந்தா பாரு அத்தை," என்றாள். "எம் பொண்ணு கெடையாது. அதப் பத்திப் பேச்சே இல்ல. நான்தான் கீறேன். பழசு, நாலு எடத்துல கிழிசல், சுகர் வேற கீது. வேணும்னா எடுத்துக்க. வேணாம்னா நடையக் கட்டு."

பரணில் சத்தம் நின்றது.

ஏரி வாசம் வந்தது. பாசி. ஊறிய துணி. குளிர் கணுக்காலில் தொடங்கி மேலே ஏறியது. இடுப்புக்குப் பின்னால் இரண்டு விரல்கள் நாடாவைத் தடவின. முடிச்சைத் தேடின. இவள் முடிச்சை முன்னால் போட்டிருந்தாள். இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"அவுக்கலாம்னு பாக்காத. இது எங்கப்பா மூட்டைக்குப் போட்ற முடிச்சு."

தையல் பிரிந்தது. ஒவ்வொரு தையலாக. இரண்டாவது டக் முழுசும் விட்டது. ஓரம் இறங்கிக் கெண்டைக்காலில் இடித்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று அதே அளவுக்குக் காலியானது. காலையில் என்ன சாப்பிட்டாள்? தெரியவில்லை. போன மாதம்? கடைக்கு என்ன பேர் வைத்தாள்?

"அம்மா!" வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். "அம்மா, தொறம்மா!"

கவி. பேர் இருக்கிறது. அது போகவில்லை. அதைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"பிரி," என்றாள். "நல்லாப் பிரி. மூணு டக்குதான். அப்பால துணி இல்ல, வேற ஆளும் வேணாம். இங்கயே கெட. எங்கூடவே கெட."

மூன்றாவது டக்கில் முதல் தையல் தெறித்தது.

அம்சவல்லி நாடாவை இன்னும் இறுக்கி இழுத்துப் பிடித்தபடி, குனிந்து பார்த்தாள். பாவாடை ஓரத்துக்குக் கீழே, மெட்டி போட்ட அவளுடைய இரண்டு பாதங்கள். அவற்றுக்கு நடுவே, விரலிடுக்கில் சேறு காயாத இரண்டு சின்னப் பாதங்கள், குதிகால் தரையில் படாமல், எக்கி எக்கி நின்றுகொண்டிருந்தன.