வால் முளைத்த பூந்தி

உர்சுலா ஊற்றினால் மட்டும் பூந்தி எப்படித்தான் உருண்டை உருண்டையாக விழுகிறதோ! நான் ஊற்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்.

1934ஆம் வருஷம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தீபாவளி லட்டு என்றால் சீதாலெட்சுமி அத்தை வீட்டில்தான். மாவு ஊற்றும் வேலை எனக்குத்தான் என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். அதற்குள் கிளாங்கிலிருந்து இந்த உர்சுலா பக்கத்து வீட்டுக்குக் குடிவந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக அத்தைக்குச் செல்லமாகியும் விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

"என்ன தங்கமணி, உன் பூந்தி தலைப்பிரட்டை மாதிரி இருக்கு!" என்று அத்தை சிரித்தார். "ஆளுக்கு ரெண்டு தடவ ஊத்துங்க. யாருது நல்லா வருதோ, அவதான் நாளைக்கு ஊத்தணும்."

பூந்திக் கரண்டிக்குப் பதிலாக எங்களுக்கு ஆளுக்கொரு காலிப் பால் டின். அடியில் ஆணியால் நாங்களே போட்ட ஓட்டைகள்.

அவள் டின்னில்தான் ஏதோ மாயம் இருக்கிறது! உர்சுலா தண்ணீர் குடிக்கப் போனாள். சட்டென்று டின்களை மாற்றி வைத்துவிட்டேன்.

முதலில் நான் ஊற்றினேன். எல்லாம் உருண்டை! எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது தடவை ஊற்றினேன். ஐயோ, எல்லாவற்றுக்கும் வால்!

அடுத்து உர்சுலா என் டின்னை எடுத்தாள். அடியைத் திருப்பிப் பார்த்தாள். என் கோணல் ஓட்டைகள் அவளுக்குத் தெரியாதா என்ன? என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஈரத்துணியால் அடியைத் துடைத்துவிட்டு ஊற்றினாள். மறுபடி துடைத்தாள், மறுபடி ஊற்றினாள். எல்லாம் உருண்டை!

நான் என் கையிலிருந்த டின்னைத் திருப்பினேன். ஓட்டைகளைச் சுற்றி மாவு அப்பியிருந்தது. கீழே விழவேண்டிய சொட்டை அந்த மாவு பிடித்து இழுத்தால், வால் வராமல் என்ன செய்யும்?

"அப்போ உர்சுலாதான்," என்றார் அத்தை.

நான் தோற்றுவிட்டேன். ஆனாலும் அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லையே!

"அத்தே, நான் டின்ன மாத்திட்டேன். அப்பவும் அவளுதுதான் நல்லா வந்துச்சு," என்றேன்.

"அடிக் கள்ளி!" அத்தை என் காதைத் திருகினார்.

"விடுங்க அத்தே," என்றாள் உர்சுலா. "துடைச்சுத் துடைச்சு ஊத்துறதுக்குள்ள எண்ணெய் ரொம்பக் காஞ்சிடுது. நான் ஒருத்தியா எப்படி ஊத்துறது?"

"டின்னுதான் ரெண்டு இருக்கே!" என்றேன் நான். "ஒருத்தி ஊத்தும்போது இன்னொருத்தி துடைச்சா என்ன?"

மறுநாள் அப்படியே மாற்றி மாற்றி ஊற்றினோம். அவள் ஊற்றியதில் ஒரே ஒரு பூந்திக்கு நீள வால். அத்தை பார்ப்பதற்குள் அதை எடுத்து, ஊதி, என் வாயில் போட்டுக்கொண்டேன்.